கமா போட்டுப் பிழைத்தவன்

கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, டாகுமென்டேஷன் மேனேஜர் என்ற பெரிய பெயரோடு வெளியே வந்தேன். பெயர்தான் மாறியதே தவிர, முப்பத்தெட்டு வருஷமும் வேலை ஒன்றுதான். கப்பலேறும் சரக்கின் காகிதங்களில் கமாவும் புள்ளியும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. என்னோடு ராயபுரத்தில் படித்தவர்கள் வலை இழுத்தார்கள், கிரேன் ஓட்டினார்கள், லாரி வாங்கி விட்டார்கள். நான் கமா போட்டேன். பெண் பார்க்கப் போன வீட்டில் "மாப்ள இன்னா பண்றாரு?" என்று கேட்டதும் என் மாமா ஒரு நொடி திணறிவிட்டுச் சொன்னார்: "ஹார்பர்ல. ஏத்துமதியே இவன் கையிலதான் நிக்குது." யோசித்தால், பொய் என்று சொல்ல முடியாது.

1979இல் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு மாடியில் டைப் கிளாஸ். காலை ஆறு மணி பேட்ச். கீழே டீக்கடை, தெருவில் முதல் ஷிஃப்ட்டுக்கு ஓடும் சைக்கிள்கள், தூரத்தில் ஆலைச் சங்கு. அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கு முற்றுப்புள்ளி வைத்தது அந்தச் சங்குதான். அது ஊதினால் பேச்சு பாதியில் நிற்கும். அப்பா தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி. மாதாமாதம் ஃபீஸ் கொடுக்கும்போது, "புள்ளி வைக்கக் கத்துக்கவா இவ்ளோ துட்டு?" என்பார். கோலம் போட அம்மா காசு வாங்கிக்கொள்ளாமல் கற்றுக்கொடுப்பாள் என்பது அவர் வாதம்.

டைப் அடித்தவர்களுக்கு முதல் பாடம் மறக்காது. இடது கைக்கு ஏ, எஸ், டி, எஃப். வலது கைக்கு செமிகோலன், எல், கே, ஜே. தமிழ்நாட்டில் டைப் கற்ற அத்தனை பேரும் ஆங்கிலத்தில் முதலில் தொட்ட குறி செமிகோலன்தான். சுண்டுவிரல் அதன் மேலேயே குடியிருக்கும். ஒரு மாதம் பக்கம் பக்கமாக அதை அடித்தேன். பிறகு முப்பத்தெட்டு வருஷ உத்தியோகத்தில் ஒரு தடவைகூட அதை உபயோகித்த ஞாபகம் இல்லை. "இது எதுக்கு சார்?" என்று மாஸ்டரிடம் கேட்டேன். "அது விரலு வெச்சிக்கிறதுக்குடா" என்றார். இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்த இலக்கணப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

மாஸ்டரின் இலக்கணமே விரலில் இருந்தது. கமாவுக்குப் பிறகு ஸ்பேஸ் பாரில் ஒரு தட்டு, ஃபுல்ஸ்டாப்புக்குப் பிறகு இரண்டு தட்டு. மாற்றினால் லோயர் பரீட்சையில் மார்க் போகும். ஏன் என்று கேட்டால் ஸ்கேல் பேசும். எங்கள் பழைய ரெமிங்டனில் ஆச்சரியக்குறிக்குத் தனிச் சாவி கிடையாது. முதலில் அபாஸ்டிரஃபி, அப்புறம் பேக் ஸ்பேஸ், அதன் அடியில் ஒரு புள்ளி. ஒரு முறை ஆச்சரியப்பட மூன்று தட்டு. நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை அடித்தாக வேண்டிய பரீட்சையில் எவன் ஆச்சரியப்படுவான்? எங்கள் தலைமுறை எதற்கும் அசராமல் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இன்று என் பேத்தி "சாப்ட்டியா தாத்தா" என்று கேட்டு ஏழு ஆச்சரியக்குறி அனுப்புகிறாள். நான் சாப்பிடுவது அவ்வளவு அதிசயமாகிவிட்டது.

இந்தக் குறிகளுக்குத் தமிழில் பெயர் வைத்தவர் யாரோ, நிச்சயம் வியாபாரக் குடும்பத்துக்காரர். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. காசிமேட்டில் நெத்திலி கேட்கிற மாதிரியே இருக்கிறது: கால், அரை, முக்கால், முழுசு. அளவெல்லாம் சரியாகத்தான் வைத்தார்கள். ஆனால் சரக்கு நமக்குத் தேவைப்பட்டதா என்றால், அவ்வளவாக இல்லை. ஓலையில் எழுதிய காலத்தில், கிழிந்துவிடும் என்று பயந்து மெய்யெழுத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளியைக்கூட விட்டுவிட்டு எழுதினார்கள். படிக்கிறவன் புரிந்துகொண்டான். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து பைபிளை மொழிபெயர்த்த யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலக் குறிகளைத் தமிழ் உரைநடைக்குள் கொண்டுவந்தார். அவர் அச்சுக்கூடம் நடத்திய தங்கசாலை, ராயபுரத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு கும்பிடு போடுவேன். என் சாப்பாட்டுக்கு அவரும் ஒரு காரணம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். தமிழில் குறிகள் வெளியில் இல்லை, சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. "வந்தானா" என்பதில் அந்த ஆகாரமே கேள்விக்குறி. "என்று" போட்டால் மேற்கோள் முடிந்தது. "அண்ணனும் தம்பியும் மாமனும்" என்னும்போது மூன்று உம்மும் கமா வேலையைக் கூலி கேட்காமல் செய்கின்றன. வட சென்னைக்காரனிடம் முற்றுப்புள்ளிகூட வாயிலேயே இருக்கிறது. "வர்றேம்பா" என்றால் அந்தப் "பா"வோடு வாக்கியம் முடிந்தது. "வர்றேன்" என்று மொட்டையாக விட்டால் இன்னும் ஏதோ சொல்லப்போகிறான், பெரும்பாலும் கடன் கேட்கப்போகிறான். இப்படி வளர்ந்தவனை ஆங்கிலத்தின் முன்னால் உட்கார வைத்தால், குறி என்பது தாளிப்பில் போடும் கடுகு என்றுதான் நினைப்பான். எண்ணெய் காய்ந்ததும் ஒரு சிட்டிகை அள்ளிப் போடுவான்.

ஆங்கிலத்தில் அந்தக் கடுகு ஒன்று குறைந்தால் என்ன விலை என்று அமெரிக்காவில் ஒரு பால் நிறுவனத்துக்குத் தெரியும். மெய்ன் மாநிலத்துச் சட்டத்தில், இன்னின்ன வேலைகளுக்கு ஓ.டி. கிடையாது என்று ஒரு பட்டியல். அதன் வால், "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்". ஷிப்மென்ட்டுக்குப் பிறகு கமா இல்லை. "எங்கள் வேலை பேக்கிங் இல்லை, டிஸ்ட்ரிபியூஷன். அது தனி வேலையாகப் பட்டியலில் இல்லவே இல்லை" என்று லாரி டிரைவர்கள் வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அடுத்த வருஷம் நிறுவனம் 50 லட்சம் டாலருக்கு ராஜி பேசிக்கொண்டது. தமிழில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. "அனுப்பவோ விநியோகிக்கவோ பொதி கட்டுவது" என்றால் ஒரு வேலை. "அனுப்பப் பொதி கட்டுவதோ விநியோகிப்பதோ" என்றால் இரண்டு வேலை. ஓகாரம் எங்கே உட்காருகிறது என்று பார்த்தால் தீர்ந்தது. இந்தக் கதையை எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வரிசையில் நின்றுகொண்டிருந்த ஒரு டிரைவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அங்க கமா இல்லன்னு ஓ.டி. குடுத்தான். இங்க ஓ.டி.யே இல்லையே, கமாவ எங்க சார் போடறது?" என்றார்.

எங்கள் தொழிலில் கமா இன்னும் பொல்லாதது. பெரியமேட்டுத் தோல் வியாபாரிக்கு வெளிநாட்டு பேங்கிலிருந்து ஒரு எல்.சி., அதாவது லெட்டர் ஆஃப் கிரெடிட், வரும். சரக்கு இறங்க வேண்டிய துறைமுகம்: ஹாம்பர்க், ராட்டர்டாம், ஆன்ட்வெர்ப். மூன்றிலும் இறக்க வேண்டுமா, ஏதாவது ஒன்றிலா? பார்ட்டிக்கு ஒரு அர்த்தம், பேங்குக்கு ஒரு அர்த்தம், கப்பல் கம்பெனிக்கு வேறொன்று. இதற்கென்று பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தக சபை ஒரு புத்தகம் போட்டிருக்கிறது. 2013இல் வந்த 745ஆம் எண் வெளியீடு. கமாவையும் சாய்கோட்டையும் வார்த்தைக்குப் பதிலாகப் போடாதே, போட்டால் பல அர்த்தம் வரும் என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். விளக்கம் இல்லாமல் போட்டால், அதில் ஒன்றோ சிலதோ எல்லாமோ, எப்படியும் எடுத்துக்கொள்ளலாம். அதே புத்தகம் மெஷின் என்ற சொல்லில் ஒரு எழுத்து மாறியிருந்தால் போகட்டும் விடு என்கிறது. ஸ்பெல்லிங்குக்கு மன்னிப்பு உண்டு, கமாவுக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு இங்கிலீஷ் எடுத்தவர் இதற்கு நேர்மாறாக அடித்தார்.

கமாவாவது அர்த்தத்தை மாற்றும். புள்ளி எடையையே மாற்றிவிடும். தொண்ணூறுகளில் இத்தாலியிலிருந்து ஒரு தோல் பதனிடும் மெஷின் வந்தது. பேக்கிங் லிஸ்டில் எடை 1.250 கிலோ. ஐரோப்பாவில் பல நாடுகளில் ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குக் கமா. அவர்கள் எழுதியது ஆயிரத்து இருநூற்று ஐம்பது. புதிதாகச் சேர்ந்த பையன் நம்ம ஊர் வழக்கப்படி படித்து, சுத்தமாக ஒன்றேகால் கிலோ என்று டைப் அடித்து, அதில் நானும் இனிஷியல் போட்டேன். ஷெட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. அதிகாரி காகிதத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பேசியவர் பக்கத்தில் சுமை தூக்க நின்றிருந்த அண்ணன்தான். "இன்னா சார், ஒண்ணேகா கிலோவா? கத்திரிக்காவா இது? பையில போட்டு எத்துனு போவியா, இதுக்கு கிரேன் இன்னாத்துக்கு?" அன்று மாலை வரை ஷெட்டில் என் பெயர் கத்திரிக்கா சார். மாலை வரை என்று சொன்னது மரியாதைக்கு. 2019இல் ரிட்டயர் ஆகும்வரை அதுதான்.

அப்போதிருந்து தெருவில் நடந்தால் கண் போர்டுகளில்தான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அபாஸ்டிரஃபிக்குப் பஞ்சமே இல்லை. ஜூஸ்'ஸ், சிப்'ஸ், பேன்ட்'ஸ். எஸ் என்ற எழுத்தைக் கண்டாலே பெயின்டர் கை தானாக மேலே போய் ஒரு கொக்கி மாட்டுகிறது. ஆனால் அது நிஜமாகவே இருக்க வேண்டிய ஆட்டோவின் முதுகில், "மதர்ஸ் கிஃப்ட்"டில், இருக்காது. கணக்குப் பார்த்தால் ஸ்டாக் சரியாகத்தான் இருக்கிறது, போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு. ரேஷன் அரிசி மாதிரி. ஒரு மீன் கடையில் "புதிய" என்ற வார்த்தையை மட்டும் மேற்கோளுக்குள் போட்டிருந்தார்கள். கடைக்கார அக்காவிடம் தயங்கித் தயங்கி, இப்படிப் போட்டால் பழசு என்று அர்த்தம் வரும் என்றேன். "ரெண்டு பக்கமும் கொம்பு வெச்சா கெத்தா இருக்குன்னு எழுதினவரு சொன்னாரு. உனுக்கு மீன் வோணுமா, வோணாமா?" அரைக் கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு வந்தேன். உண்மையிலேயே புதுசு.

அதனால் போர்டுகளோடு எனக்குச் சண்டை இல்லை. பணம் கை மாறுகிற காகிதத்தில் கமா சரியாக இருந்தால் போதும், மீதி இடத்தில் கொம்பு முளைத்தாலும் பரவாயில்லை என்பது என் கட்சி. அந்தக் கட்சிக்கே இப்போது சோதனை. என் பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி இருக்கிறது. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போய்விட்டது, புள்ளி இல்லை. பான் கார்டில் இனிஷியல் அப்பா பெயராகவே விரிந்துவிட்டது. மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று ஸ்டாம்ப் பேப்பரில் அஃபிடவிட் கேட்டார்கள். டாகுமென்ட் ரைட்டர் இருபது வரி ஆங்கிலம் அடித்து நீட்டினார். தேடிப் பார்த்தேன், ஒரு கமாகூட இல்லை. கேட்டதற்கு, "லீகல் பேப்பர்ல கமா போடக் கூடாது சார். போட்டா நாளைக்கு எவனாவது அதப் புடிச்சி இழுப்பான்" என்றார். முப்பத்தெட்டு வருஷம் தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அதுவும் திரும்பி வந்துவிட்டது. கையெழுத்தில் இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி வைத்துவிட்டேனாம். வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி போக வேண்டும்.