பார்த்துத்தான் வாங்கணுங்க

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வேலந்தாவளம் என்று எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இவர் இருப்பார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சட்டைப் பையில் நாலாய் மடித்த விலைப்பட்டியல். பேச்சு தமிழில் தொடங்கும், கோபம் வந்தால் மலையாளத்துக்குப் போகும், கணக்கு மட்டும் இங்கிலீஷில் நடக்கும். பிழைப்புக்குத் தென்னந்தோப்பு. முழுநேர வேலை மெஷின் பார்ப்பது. "எதையும் பார்த்துத்தான் வாங்கணுங்க" என்பார். அதில் முதல் பாதியைக் குறைவில்லாமல் செய்து முடித்துவிட்டார்.

இப்போது பார்த்துக்கொண்டிருப்பது விறகு பிளக்கும் மெஷின். கையில் இருக்கும் 24 ஹெச்.பி. மினி டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற மாதிரி வேண்டும். காரணம் நியாயமானதுதான். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வந்த ஆடிக்காற்று, வேலியோரத்துப் புளியமரத்தைச் சாய்த்துவிட்டது. தேறிய மரம் ஈர்ச்சமில்லுக்குப் போயிற்று. அடிக்கட்டையும் வாதுகளும் களத்தில் கிடக்கின்றன. வெந்நீர் அடுப்புக்கு இரண்டு வருஷம் வரும்.

அதை ஒட்டியே கோயமுத்தூர் கொடிசியா வளாகத்தில் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சியும் வந்தது. மரம் சாய்ந்ததைவிட அதுதான் அவருக்குப் பெரிய சம்பவம்.

ஸ்டாலில் டை கட்டிய பையன் ஆர்வமாகத் தொடங்கினான். "இது இருபது டன் சார்."

"சிலிண்டர் விட்டம் எவ்வளவு தம்பி?"

"நூறு மில்லிமீட்டர் சார்."

"எங்க வண்டி பம்பு கொடுக்கறது 150 பார்."

பையில் இருந்து பேனா வந்தது. விலைப்பட்டியலின் முதுகில் கணக்குப் போட்டார். நூறு மில்லிமீட்டர் விட்டமென்றால் பரப்பு ஏறக்குறைய 78 சதுர சென்டிமீட்டர். 150 பார் அழுத்தத்தில் 12 டன் வரும். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார். "மீதி எட்டு டன்னை எங்க வெச்சிருக்கீங்க?"

பையன் மேனேஜரைக் கூப்பிடப் போனான். மேனேஜர் வருவதற்குள் அடுத்த கணக்கு தயாராகிவிட்டது. சின்ன டிராக்டர் பம்பு நிமிஷத்துக்கு 20 லிட்டர் ஆயில் தள்ளினால், 60 சென்டிமீட்டர் நீளும் இந்தச் சிலிண்டர் முழுசாய் நீள 14 செகண்டு ஆகும். திரும்பி வருவது தனி. "அதுக்குள்ள எங்க ஊர் ஆளு கோடாலியில நாலு போடு போட்டுருவானுங்க!"

"நாலு போட்டா புளி பிளந்துருங்களா?" என்றார் மேனேஜர். அன்றைக்கு அந்த ஸ்டாலில் கேட்கப்பட்டதிலேயே உருப்படியான கேள்வி அதுதான். இவர் கேட்காத மாதிரி அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்தார்.

அங்கே பி.டி.ஓ.வில், அதாவது டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டில், ஓடும் தனிப்பம்பும் தனி ஆயில் டேங்கும் வைத்த மெஷின். வேகத்துக்குக் குறையில்லை. ஆனால் எடை நானூறு கிலோ என்றார்கள். இந்தச் சின்ன வண்டிகளில் பலவற்றின் தூக்குசக்தி 750 கிலோதான். தூக்கிவிடும், சரி. வரப்பேறும்போது முன்சக்கரம் தரையில் இருக்குமா? நான் சொல்கிறேன், கேலிக்கு நடுவிலும் இந்த மனிதர் கேட்பது அத்தனையும் கேட்க வேண்டியவை. டிராக்டர் ஆயிலை வெளியே எடுக்க வால்வு இருக்கிறதா, இல்லை லிஃப்டுக்கு மட்டும்தானா என்று பார்க்காமல் மெஷினை வாங்கி வந்து, மாட்ட வழியில்லாமல் கோழி அடைய விட்டவர்கள் உண்டு.

பி.டி.ஓ. தண்டிலேயே மாட்டும் கூம்புத் திருகாணியை மட்டும் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கிவிட்டார். விலை குறைவு, ஆயில் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம், சுற்றிக்கொண்டே கட்டைக்குள் ஏறிப் பிளக்கும். அவர் தன் துண்டின் நுனியைப் பிடித்துக் காட்டினார். "இது முதல்ல இதை இழுக்கும். அப்புறம் என்னை இழுக்கும்." வேட்டி கட்டுகிறவர்கள் எல்லோரும் இதை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அவருடைய ஆராய்ச்சியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. டன், லிட்டர், செகண்டு எல்லாம் பார்த்தவர் கட்டையைப் பார்க்கவில்லை. கறிக்கடையில் எதை வைத்து வெட்டுகிறார்கள்? புளியங்கட்டை. ஏன்? நாளெல்லாம் வெட்டினாலும் பிளக்காது. நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்ட மரம் அது. தென்னையும் பனையும் வேறு வகைத் தொல்லை. வெறும் நார்க்கட்டு, பிளப்பதற்குப் பதில் கிழியும். சித்தூரில் கண்ணை மூடிக் கல்லெறிந்தால் இந்த மூன்றில் ஒன்றின் மேல்தான் விழும். வடக்கஞ்சேரிப் பக்கம் ரப்பர்த் தோட்டக்காரருக்கு இத்தனை பாடில்லை. புளிக்கு மெஷின் வாங்குகிறவர் கட்டையைக் குட்டையாய் அறுத்துக்கொண்டு, நடுவில் ஆப்பை இறக்காமல் ஓரத்திலிருந்து சீவிச் சீவி வர வேண்டும்.

வீட்டிலோ வேறு கணக்கு. "ஏனுங்க, ஐப்பசி மழைக்கு முன்னால கட்டை உள்ள வருமா, இல்ல கரையானுக்குன்னு எழுதி வெச்சிட்டீங்களா?"

"பார்த்துட்டுத்தானே இருக்கேன்? மானியம் உண்டான்னு தெரியட்டும். புது மாடல் வருதாம்."

அம்மணி அதற்குமேல் பேசவில்லை. மறுநாள் காலை கோடாலி, இரும்பு ஆப்பு, சம்மட்டியோடு ஆள் வந்துவிட்டார். நம்மவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆப்பின் கோணம் குறைந்தால் விசை எப்படிக் கூடும் என்று விளக்கினார். வந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பொறுமையாய்க் கேட்டார். கடைசியில் சொன்னார்: "அந்த மெஷினைச் சீக்கிரம் வாங்குங்க. நானே வந்து ஓட்டறேன். என்ற முதுகுக்கும் நல்லதுங்க."

மினி டிராக்டருக்கு விறகு மெஷின் வாங்கும் உத்தேசம் உங்களுக்கு இருந்தால், கடைக்குப் போவதற்கு முன் இவரிடம் ஒரு நடை போய் வாருங்கள். கணக்கில் பிசகு இருக்காது, காசும் கேட்க மாட்டார். டீக்கு நீங்கள் கொடுத்துவிடுங்கள். "நீங்க எப்ப வாங்கறீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், மறுபடியும் நூறு மில்லிமீட்டரிலிருந்து ஆரம்பிப்பார்.