செவ்வாய் சாட்டி மறுசெவ்வாய் பொங்கல்

கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊரில் என்றைக்கு நையாண்டி மேளம், எங்கே கரகாட்டம், எங்கே ஒயிலாட்டம் என்று மாதாமாதம் பட்டியல் போட்டு ஒரு பத்திரிகை நடத்துகிறோம். முகப்பிலேயே 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அச்சிட்டிருக்கும். சிறுபத்திரிகைக்காரர்கள் அதைச் சட்டத்துக்காகப் போடுவார்கள். எங்கள் விஷயத்தில் அது வெறும் நிலவரம். சம்பளம் யாருக்கும் கிடையாது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், சின்னமனூரில் செல்போன் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், அப்புறம் நான். கம்பம் பக்கம் திராட்சைக்கு ஆண்டு முழுக்க அறுப்பு உண்டு என்பதால் தோட்டக்காரரை ஆசிரியர் குழுக் கூட்டத்தில் பார்ப்பது அரிது.

யோசனை தமிழாசிரியருடையது. மார்கழியில் சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போனவர், எந்த சபாவில் யார் பாட்டு, எத்தனை மணிக்கு, பக்கவாத்தியம் யார் என்று பொடி எழுத்தில் போட்ட பட்டியலைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். "மியூசிக் அகாடமிக்கு ஒண்ணு இருக்கு, வீரபாண்டிக்கு ஏன் இல்லை?" என்பது அவர் கேள்வி. கேள்வியில் நியாயம் இருந்தது. இங்கிலாந்தில்கூட நாட்டுப்புறப் பாட்டுக்காக ஊர்க்காரர்களே நடத்தும் இப்படிப்பட்ட பத்திரிகைகள் உண்டு. 1979-இல் 'சதர்ன் ராக்' என்ற பெயரில் சின்னதாகத் தொடங்கிய ஒன்று, பெயர் மாறி, உலக இசைக்கே பத்திரிகையாகி, 2019 வரை ஓடியது. ஆனால் அங்கே பாட்டு நடக்கும் இடம் மதுக்கடை. வாரத்தில் இன்ன கிழமை என்றால் எல்லா வாரமும் அதே கிழமை. சபாவிலோ ஆளும் நாளும் பல மாதத்துக்கு முன்பே முடிவாகிவிடும்.

நம் பக்கம் அப்படியா? பல ஊர்களில் ஒரு செவ்வாய்க்கிழமை சாமி சாட்டுவார்கள். அடுத்த செவ்வாய் பொங்கல், மறுநாள் முளைப்பாரி, முடிந்தது. மாதப் பத்திரிகை ஒன்று இதை எப்படிப் பிடிக்கும்? நாங்கள் அச்சுக்குக் கொடுக்கும்போது ஊரில் வரிகூடப் போட்டிருக்க மாட்டார்கள். இதழ் வரும்போது பந்தல் பிரித்திருப்பார்கள். முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டால், "சாமி உத்தரவு கொடுக்கணும்ல, அதுக்குள்ள உங்களுக்கென்ன அவசரம்?" என்பார் நாட்டாமை. சாமி உத்தரவு கொடுத்த ஊரில் முதல் மரியாதை யாருக்கு என்ற பேச்சு எழும். அது தாசில்தார் முன்னிலையில் அமைதிக் கூட்டமாகும். அந்த வருஷம் அந்த ஊரில் அமைதி மட்டும்தான், மேளம் கிடையாது.

நம்பிப் போடக்கூடியவை சிலதான். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா ஒன்று. முல்லையாற்றுக் கரையில் எட்டு நாளும் ஜேஜே என்றிருக்கும். அக்கினிச்சட்டி எடுப்பவர்களுக்கு முன்னால் கொட்டு ஓயாது. இன்னொன்று கூடலூருக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயிலில் சித்திரைப் பௌர்ணமி. ஆண்டுக்கு ஒரே நாள். தேனி ஆட்சியரும் இடுக்கி ஆட்சியரும் கூடிப் பேசி, எத்தனை மணிக்கு ஏறலாம், எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் பட்டியலில் இரண்டு மாநில அரசுகள் சேர்ந்து நேரம் குறித்துக்கொடுக்கும் ஒரே நிகழ்ச்சி இதுதான். அதில் நாட்டுப்புற இசை எங்கே வருகிறது என்று கேட்கக் கூடாது. தேதி உறுதியாக இருக்கிறதே, போதாதா?

மற்றதற்கு நேரம் போடுவதும் சிக்கல். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது விதி. பத்து மணிக்குத்தான் கரகாட்டச் செட்டுக்காரர்கள் சாப்பிட்டு முடித்துச் சலங்கை கட்டுவார்கள் என்பது வழக்கம். விதியையும் பகைக்காமல், வழக்கத்தையும் பகைக்காமல், 'சாமி ஊர்வலத்துக்குப் பின்' என்று போடுகிறோம்.

தேவராட்டத்தைப் பட்டியலில் சேர்க்க அலைந்தது தனிக்கதை. கம்பளத்து நாயக்கர்கள் தங்கள் வீட்டு விசேஷங்களில் உறுமிக்கு ஆடும் ஆட்டம் அது. "என்றைக்கு ஆட்டம்?" என்று கேட்ட எங்களிடம் ஒரு பெரியவர், "கல்யாணத்துக்கு உங்க வாசகரெல்லாம் வர்றாகளா? அப்ப எத்தனை இலைன்னு சொல்லிருங்க" என்றார். தப்புக் கொட்டுவோருக்கு ஆண்டு முழுக்க வேலை தருவது திருவிழா அல்ல, சாவு. அதற்காக 'எதிர்பார்க்கப்படும் நிகழ்ச்சிகள்' என்று ஒரு பகுதி தொடங்கலாம் என்று செல்போன் கடைத் தம்பி சொன்னார். குழுவிலேயே மூத்தவரான தமிழாசிரியர் அதைக் கடுமையாக எதிர்த்தார்.

ஊருக்கு ஊர் அடிக்கும் திருவிழா நோட்டீஸ்தான் எங்கள் மூலாதாரம். அதைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். பால்குடம் உபயம், பந்தல் உபயம், சீரியல் செட் உபயம், அன்னதானத்துக்கு அரிசி உபயம் எல்லாருக்கும் பெயர், படிப்பு, சிலருக்குப் போட்டோ. கடைசியில் ஒரு மூலையில் 'இரவு நையாண்டி மேளம்'. விடிய விடிய நாதஸ்வரம் ஊதுகிறவர் யார், தவில் யார், பம்பை யார்? இருக்காது. இந்த ஒன்றுக்காகவே எங்கள் பத்திரிகை வரலாம் என்பது என் கட்சி. நாங்கள் வாசிக்கிறவர் பெயரைப் போடுவோம், உபயதாரர் பெயரைப் போட மாட்டோம். விளம்பரம் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கும் இதுவே பதில்.

எது நாட்டுப்புறம் என்ற சண்டை இன்னும் தீரவில்லை. சினிமாப் பாட்டு வாசிக்கும் செட்டைச் சேர்க்கக் கூடாது என்று தமிழாசிரியர் ஒற்றைக்காலில் நின்றார். அப்படிப் பார்த்தால் எட்டுப் பக்கமும் வெள்ளைத்தாள்தான். 1989-இல் கங்கை அமரன் எடுத்த 'கரகாட்டக்காரன்' வந்ததிலிருந்து அந்தப் படப் பாட்டு வாசிக்காத செட்டை ஊர்க்காரர்கள் ஊரைவிட்டு அனுப்புவதில்லை. அந்த மெட்டெல்லாம் எங்கிருந்து போனதாம்? இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்திலிருந்துதானே. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் மலைமேல் தேயிலைத் தோட்டங்களில் பாடிப் பாடிக் கம்யூனிஸ்டுகளுக்கு வாக்குச் சேர்த்தார். அதற்கு எந்தப் பத்திரிகை பட்டியல் போட்டது? கூட்டம் வரத்தானே செய்தது? இதை நான் உற்சாகமாகச் சொல்லி முடித்தபோது, "அப்ப நம்ம பத்திரிகை எதுக்குண்ணே?" என்றார் தம்பி.

எதற்கென்று போகப் போகத் தெரிந்தது. ஆட்டம் பார்க்க வருகிறவர் யாரும் எங்கள் இதழைப் படிப்பதில்லை. அவருக்குக் கொட்டுச் சத்தம் போதும். படிக்கிறவர்கள் வேறு. எந்தத் தேதியில் எந்தச் செட் காலி என்று பார்க்கும் விழாக் கமிட்டியார். போட்டிச் செட்டுக்காரர்கள். நேற்று இரவு கோம்பையில் கச்சேரி என்று சொன்ன வீட்டுக்காரர் நிஜமாகவே கோம்பையில்தான் இருந்தாரா என்று சரிபார்க்கும் மனைவிமார். எல்லாரையும்விட ஊன்றிப் படிக்கிறவர், ஆடி மாதத்துக்கு அப்பால் சும்மா இருக்கும் கலைஞர்களுக்குக் கைமாற்றுக் கொடுக்கும் ஒரு வட்டிக்கடைக்காரர். பங்குனியில் யார் எந்த ஊரில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார் என்று வரிவரியாக அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார். உறுமிக்காரர் ஒருவர் போன் செய்து, "அண்ணே, எம் பேரை மட்டும் இந்த மாசம் விட்ருங்கண்ணே, புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சியபோதுதான் எங்கள் பத்திரிகையின் வீச்சு எங்களுக்கே புரிந்தது.

ஆண்டுச் சந்தாவை நாங்கள் கேட்காமலே கொண்டுவந்து தருகிறவரும் அந்த வட்டிக்கடைக்காரர் ஒருவர்தான். முன்வட்டியாகப் பத்து ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியை எண்ணி வைத்தார்.