தேதி போட்டுக் கிளம்புங்கள்

கல்லூரியிலிருந்து கொஞ்ச காலம் ஒதுங்கியிருக்கலாமா என்று கேட்டு மாணவர்களும் பெற்றோரும் எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. இந்த முறை முழுக்க அவைதான்.

பி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். அவரையும் கவனித்து, மளிகைக் கடையையும் நடத்த அம்மா ஒருவரால் முடியவில்லை. ஒரு வருடம் நின்றுவிடலாமா?
— மாணவி, ஈரோடு

நிற்கலாம். இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டு நில்லுங்கள்.

அண்ணா பல்கலைக்கழக விதிமுறையில் இதற்கென்றே ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ இருக்கிறது. பொதுவாக ஒரு வருடம், ஒரே ஒரு தடவை. செமஸ்டர் நடுவில் கிளம்புவதானால், அந்த செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளுக்குள் கல்லூரி முதல்வர் வழியாக விண்ணப்பம் போயாக வேண்டும். அதில் காரணம் இருக்க வேண்டும். எப்போது திரும்பி வருவீர்கள் என்பதும் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது வரியை யாரும் லேசாக எழுதிவிடக் கூடாது. தேதி போட்டுக் கிளம்பியவர்தான் அந்தத் தேதி நெருங்கும்போது பையைத் தேடுவார்.

அனுமதியோடு எடுத்த இடைவெளி, முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்று பார்க்கும் கால அளவில் சேராது. சொல்லாமல் கொள்ளாமல் நின்று, அட்டெண்டன்ஸ் போய், டிடெய்ன் ஆனால் இந்தச் சலுகை இல்லை. வீட்டிலிருந்த நாட்கள் ஒன்றேதான், காகிதம் ஒருவரைக் காப்பாற்றும், இன்னொருவரைக் கைவிடும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்களுடைய விதிப் புத்தகத்தை அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இன்னொன்று. நீங்கள் திரும்பும்போது எந்த ரெகுலேஷன் நடப்பில் இருக்கிறதோ அதில்தான் சேர்ப்பார்கள். 2017, 2021 என்று பாடத்திட்டங்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. மாறினால் கூடுதலாகச் சில பேப்பர்கள் எழுத வேண்டி வரும். துறைத் தலைவரிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கல்லூரி கேட்காத கேள்வி: அடுத்த ஜூனில் கடையில் யார் உட்காருவார்? அதற்குள் அப்பா எழுந்து நடந்துவிடுவார் என்பது நம் எல்லோருடைய ஆசை. ஆசையை நம்பித் திட்டம் போட வேண்டாம். சித்தப்பாவோ, சம்பளத்துக்கு ஒரு பையனோ, கடையை அரை நாள் மட்டும் திறப்பதோ, ஏதாவது ஒன்றை அம்மாவோடு உட்கார்ந்து இந்த மாதமே முடிவு செய்யுங்கள். அது முடிவானால் ஒரு வருடம் ஒரு வருடமாகவே இருக்கும்.

படிப்பு போர் அடிக்கிறது. ஒரு வருடம் இடைவெளி விட்டால் ஆர்வம் திரும்பி வருமா?
— மாணவர், கோயம்புத்தூர்

வராது. போர் அடிப்பது பாடமா, சொல்லித்தரும் விதமா, விடுதியா, கூட இருப்பவர்களா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பாடம்தான் என்றால் கோடை விடுமுறையில் உங்கள் துறை வேலை நடக்கும் ஓர் இடத்தில் போய் நில்லுங்கள். வேலையைக் கண்ணால் பார்த்த பிறகும் பிடிக்கவில்லையென்றால் நீங்கள் மாற்ற வேண்டியது துறையை. விடுதிதான் பிரச்சினை என்றால் அறையை மாற்றுங்கள்.

பில் கேட்ஸ் படிப்பை விட்டுவிட்டுத்தானே ஜெயித்தார்? நம்ம ராமானுஜன்கூட கல்லூரியில் தேறாதவர்தானே?
— மாணவர், மதுரை

1975இல் கேட்ஸ் ஹார்வர்டிலிருந்து கிளம்பியபோது விடுப்பு எடுத்துக்கொண்டுதான் போனார். தொழில் படுத்திருந்தால் திரும்பி வந்து உட்கார அவருக்கு இடம் இருந்தது. வக்கீல் அப்பா இருந்தார். எழுதிய மென்பொருளை வாங்கிக்கொள்ள ஒரு கம்பெனியும் இருந்தது. உங்களிடம் இந்த மூன்றில் எது இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றாவது இருந்தால் மேலே பேசலாம்.

ராமானுஜன் கதையை நாம் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. அதற்குப் பிந்தைய ஆண்டுகள் பசியும் நோயுமாகக் கழிந்தன. கையில் நோட்டை வைத்துக்கொண்டு, ஆதரவு தேடி ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்த பிறகுதான் முழு நேரமும் கணக்கோடு இருக்க முடிந்தது. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. கல்லூரிக்கு வெளியே நின்ற காலம் அவரை வாட்டியது. அவரைத் தூக்கி நிறுத்தியதில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. அந்தப் பசியை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எனக்கு டைபாய்டு வந்து இரண்டு மாதம் போய்விட்டது. உடம்பு தேற ஒரு செமஸ்டர் ஓய்வெடுக்கலாம் என்கிறார் டாக்டர். ஆனால் வீட்டில், “நின்றால் நின்றதுதான், வரன் பார்த்துவிடுவோம்” என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.
— இரண்டாம் ஆண்டு மாணவி, விழுப்புரம்

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. பையன் நின்றால் “உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்” என்கிற அதே வீடு, பெண் நின்றால் தரகரிடம் ஜாதகத்தைக் கொடுக்கிறது. நமது ஊர்களில் ஒரு பெண்ணின் கல்லூரி இடைவெளிக்கு இப்படியொரு ஆபத்து உண்டு. இதைக் கணக்கில் எடுக்காமல் உங்களுக்கு யார் அறிவுரை சொன்னாலும் அது அரைகுறைதான்.

ஆகவே உங்கள் ஓய்வு எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு நல்லது. முழு செமஸ்டரையும் விடுவதற்கு முன்னால் கல்லூரியில் கண்டோனேஷன் கேளுங்கள். பொறியியல் கல்லூரிகளில் 75 சதவீதம் வருகை வேண்டும். உடல்நலக் காரணம் என்றால் 65 வரை மருத்துவச் சான்றிதழோடு இறங்கிவர இடமுண்டு. கலை அறிவியல் கல்லூரியிலும் இதுபோல ஒரு விதி இருக்கும். டாக்டரிடம் தேதிகளைத் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கும் வழியில்லை, நின்றே ஆக வேண்டும் என்றால், விடுப்புக் கடிதத்தின் நகலை வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். அதில் திரும்பும் தேதி இருக்கிறது. அம்மாவையோ அத்தையையோ ஒரு நாள் கல்லூரிக்குக் கூட்டிப்போய் உங்கள் டீச்சரோடு பேச வையுங்கள். “டிசம்பரில் இவள் இங்கே இருக்க வேண்டும்மா” என்று ஒரு பேராசிரியை நேரில் சொன்னால் அதன் எடையே வேறு. அரசுப் பள்ளியில் படித்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்குபவராக இருந்தால், நின்ற மாதங்களில் அது என்ன ஆகும், திரும்பும்போது என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கல்லூரியிலேயே கேளுங்கள். வீட்டுப் பேச்சில் அந்த ஆயிரமும் உங்கள் பக்கம் நிற்கும். கட்டாயப்படுத்துகிறார்கள் என்ற நிலை வந்தால் 181க்கு போன் செய்யுங்கள். பெண்களுக்கான உதவி எண் அது. தயங்க வேண்டாம்.

எட்டு அரியர் இருக்கிறது. ஒரு வருடம் நின்று எல்லாவற்றையும் கிளியர் செய்துவிட்டுத் தொடரலாமா?
— மாணவர், சேலம்

வேண்டாம். அரியரைக் கல்லூரியில் இருந்துகொண்டே எழுதலாம். அங்கே சந்தேகம் கேட்க ஆள் இருக்கிறது, லைப்ரரி இருக்கிறது, போன வருடக் கேள்வித்தாள் வைத்திருக்கும் சீனியர் இருக்கிறார். வீட்டில் இருப்பது போன். எட்டில் உங்களால் சுலபமாக முடியும் மூன்றை வரும் தேர்வில் முடியுங்கள். நான்கு வருடப் பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகம் 7 வருடம் வரை கொடுக்கிறது. இடைவெளி எடுத்தாலும் அந்த ஏழு எட்டாகாது.

என் மகன் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தான். பொங்கலுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் விழிப்பு. யாரோடும் பேச்சில்லை. சோம்பேறித்தனத்தை எப்படிப் போக்குவது? ஊரில் கேட்டால் என்ன சொல்வது?
— தந்தை, தென்காசி

ஐயா, உங்கள் கடிதத்தில் பத்தாவது வரியில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குப் பிடித்த மீன் குழம்பை அம்மா செய்து வைத்தும் தட்டு அப்படியே திரும்பி வருகிறது, ரெக்கார்டு நோட்டு பையைவிட்டு வெளியே வரவேயில்லை, கூப்பிடும் நண்பர்களின் போனையும் எடுப்பதில்லை என்று. சோம்பேறிகள் சாப்பிடுவார்கள், நண்பர்களோடு சுற்றுவார்கள். உங்கள் மகன் இரண்டையும் விட்டுவிட்டான். இது மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம்.

கல்லூரியைப் பற்றிய முடிவு இப்போது வேண்டாம். முதலில் டாக்டர். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதற்கும் முன்னால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு நீங்களே பேசலாம். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பெற்றவர்களும் கூப்பிடலாம். சாவைப் பற்றி அவன் ஏதாவது பேசியிருந்தால், விளையாட்டாகச் சொன்னதுபோல் இருந்தாலும், அவனைத் தனியே விடாதீர்கள். இன்றைக்கே கூட்டிப்போங்கள். “சாகணும்னு தோணுதாப்பா?” என்று நேராகக் கேட்பது தவறில்லை. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம். கேட்க ஆள் இருக்கிறது என்பதே அவனுக்குப் பெரிய பிடிமானம்.

டாக்டர் ஓய்வு வேண்டும் என்றால் அந்தச் சான்றிதழை வைத்து பிரேக் வாங்குங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கோபத்தில் போய் டி.சி. வாங்கிவிடாதீர்கள். டி.சி. வாங்கினால் அந்த இடம் போய்விட்டது. விடுப்பு வாங்கினால் இடம் அவனுக்காகக் காத்திருக்கும். அவன் தேறி எழும்போது போவதற்கு ஓரிடம் இருக்க வேண்டும் ஐயா.

ஊருக்கு என்ன சொல்வதா? “உடம்பு சரியில்லை, வைத்தியம் நடக்கிறது” என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

கல்விக் கடனில் படிக்கிறேன். இடைவெளி எடுத்தால் உடனே தவணை கட்டச் சொல்வார்களா?
— மாணவி, தஞ்சாவூர்

வங்கிக்குச் சொல்லாமல் போனால் சிக்கல்தான். வழக்கமாகப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கிடையாது. உங்கள் படிப்பு முடியும் தேதி தள்ளிப்போகிறது என்பதைக் கல்லூரிக் கடிதத்தோடு மேலாளரிடம் கொடுத்து, நீட்டித்ததை எழுத்தில் வாங்குங்கள். வட்டி மட்டும் ஓய்வெடுக்காது. மத்திய அரசின் வட்டி மானியம் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். படிப்பைப் பாதியில் கைவிட்டால் மானியம் போய்விடும், மருத்துவக் காரணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. நீங்கள் கைவிடவில்லை, விடுப்பில் போகிறீர்கள் என்பதற்கு உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும்.

பி.எஸ்சி.யை நிறுத்திவிட்டு நீட்டுக்கு இன்னொரு வருடம் உட்காரலாமா?
— மாணவர், நாமக்கல்

இது எத்தனாவது வருடம் என்று எழுதவில்லையே. இரண்டாவது தடவை, போன முறை கட்-ஆஃபுக்குப் பக்கத்தில் வந்தீர்கள் என்றால் உட்காருங்கள். மூன்றாவது, நான்காவது என்றால் பி.எஸ்சி.யில் இருந்துகொண்டே எழுதுங்கள். நீட்டுக்கு மேல் வயது வரம்பு 2022லேயே போய்விட்டது. இத்தனை தடவைதான் என்ற கணக்கும் இல்லை. போதும் என்று சொல்ல அங்கே யாரும் இல்லாததால், அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

குரூப் 1க்குப் படிக்க டிகிரியை நிறுத்தலாமா?
— மாணவர், புதுக்கோட்டை

குரூப் 1 எழுத டிகிரி வேண்டும், தம்பி.

சேர்ந்து இருபது நாள்தான் ஆகிறது. பிடிக்கவில்லை. விலகினால் பணமும் ஒரிஜினல் சான்றிதழும் கிடைக்குமா?
— பெற்றோர், கடலூர்

சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கவே கூடாது. யுஜிசி 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளிலிருந்து 15 நாளுக்குள் விலகினால் 80 சதவீதம், 30 நாளுக்குள் என்றால் 50 சதவீதம் திரும்ப வரும். அதன் பிறகு ஒன்றும் வராது. கணக்கு நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து இல்லை, சேர்க்கை முடிந்த நாளிலிருந்து. யோசிப்பதை இந்த வாரத்துக்குள் முடியுங்கள்.

ஒரு வருட இடைவெளியைப் பார்த்து பிளேஸ்மென்ட்டில் ஒதுக்கிவிடுவார்களா?
— மாணவி, திருச்சி

சில கம்பெனிகள் மொத்த இடைவெளி 24 மாதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. சில, குறித்த காலத்தில் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்கின்றன. அந்தக் கதவுகள் மூடலாம், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மற்ற இடங்களில் நேராகச் சொல்லுங்கள்: “அம்மாவுக்கு ஆபரேஷன், கூட இருந்து பார்த்துக்கொண்டேன், திரும்பி வந்து முடித்தேன்.” அதோடு நிறுத்துங்கள். விண்ணப்பத்தில் மட்டும் மறைக்காதீர்கள். பின்னால் சரிபார்க்கும்போது மாட்டினால் வேலையே போகும்.

திரும்பிப் போனால் ஜூனியர்களோடு உட்கார வேண்டுமே. நினைத்தாலே கூசுகிறது.
— மாணவர், நாகர்கோவில்

முதல் இரண்டு வாரம் கூசும். உங்கள் செட் ஃபைனல் இயர் பிளாக்கில் இருப்பார்கள், நீங்கள் கீழ் மாடியில் ரோல் நம்பரில் கடைசிப் பெயராக இருப்பீர்கள். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது சார் ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்ப்பார். “அண்ணா” என்று கூப்பிடுவதா, பெயர் சொல்வதா என்று பையன்கள் தடுமாறுவார்கள். பெயரையே சொல்லச் சொல்லிவிடுங்கள், பாதிக் கூச்சம் அதில் போகும். கடைசி பெஞ்சுக்குப் போகாதீர்கள். லேப் பேட்ச் பிரிப்பதற்கு முன்னால் போய், நன்றாகப் படிக்கிற ஒருவனோடு சேர்ந்துகொள்ளுங்கள். அன்றைக்கே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். இன்டர்னல் தேதி மாறினால் முதலில் அங்கேதான் வரும்.