இல்லாத படகுக்குப் பாய்

மார்கழி பிறந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அம்மா பாளையங்கோட்டை அத்தையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "விடியக்காலம் மூணரைக்கே எந்திச்சிருதான். ஒத்த விளக்கைப் போட்டுட்டு அசையாம உக்காந்திருக்கான். உதடு மட்டும் முணுமுணுக்குது. அம்பது வயசுக்கு மேலயாவது புத்தி வந்துச்சே, அதைச் சொல்லு."

உதடு முணுமுணுத்தது உண்மை. ஆனால் அது திருவெம்பாவை இல்லை. "தென்மேற்கு, இருபத்தெட்டு நாட், நூத்தி முப்பத்தஞ்சு டிகிரி." நான் அப்போது நியூசிலாந்துக்குத் தெற்கே, பனிக்கட்டி எல்லையை உரசியபடி போய்க்கொண்டிருந்தேன். உடம்பு மட்டும் சென்னையில், லுங்கியோடு, சாப்பாட்டு மேஜையில்.

விஷயம் இதுதான். பிரான்சின் மேற்குக் கரையில் வாந்தே என்றொரு மாவட்டம். அங்குள்ள லெ சாப்ல்-தொலோன் என்ற ஊரிலிருந்து நான்கு வருஷத்துக்கு ஒரு முறை பாய்மரப் படகுப் பந்தயம் புறப்படும். 1989-இல் ஆரம்பித்தது. ஒரு படகுக்கு ஒரே ஆள். எங்கும் நிற்கக் கூடாது, யாரும் உதவக் கூடாது. நன்னம்பிக்கை முனை, ஆஸ்திரேலியாவின் லூவின் முனை, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனை மூன்றையும் சுற்றிக்கொண்டு புறப்பட்ட ஊருக்கே திரும்ப வேண்டும். கணக்கில் சுமார் 45,000 கிலோமீட்டர். ஓடி முடிக்கையில் அதற்கு மேலேயே ஆகும். வாந்தே குளோப் என்று பெயர். நிஜப் பந்தயம் கிளம்பும் அதே நேரத்தில், அதே காற்றில், கம்ப்யூட்டரிலும் ஒரு பந்தயம் கிளம்பும். விர்ச்சுவல் ரெகாட்டா என்ற விளையாட்டு. 2020 பந்தயத்தில், உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த வருஷம், இதில் பத்து லட்சத்துக்கும் மேலானவர்கள் கடலில் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். என்னை இறக்கியது கோவையில் ஆடிட்டராக இருக்கும் என் மைத்துனன்.

2024 நவம்பர் 10, அடுத்த பந்தயம் புறப்பட்ட நாள். "அத்தான், வாந்தே ஆரம்பிச்சாச்சு!" என்று அவன் ஸ்பீக்கரில் கத்தியதைக் கேட்டுவிட்டு அம்மா இஞ்சி தட்டிச் சாறு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். குடித்தேன். பயணம் அப்படித்தான் துவங்கியது.

புதிதாகக் கேட்பவர்கள் எல்லோரும், என் மனைவி உட்பட, ஒரே கேள்விதான் கேட்பார்கள். "படகு நேராப் போனா சீக்கிரம் போயிடாதா?" போகாது. பாய்மரப் படகுக்கு நேர்வழி என்று ஒன்று கிடையாது. காற்று வரும் திசையைப் பார்த்துப் படகை நிறுத்தினால் அது நிற்கும். நாற்பது டிகிரியாவது விலகினால்தான் நகரும். காற்று நேர் பின்னாலிருந்து தள்ளினால் வேகமாகப் போகும் என்று நினைப்போம், அதுவும் இல்லை. சற்றே பக்கவாட்டில் வாங்கினால்தான் பறக்கும். இன்ன காற்றில் இன்ன கோணத்தில் இன்ன வேகம் என்று படகுக்கு ஓர் அட்டவணை உண்டு, போலார் என்பார்கள். அது படகின் ஜாதகம். அதைக் காற்றுக் கணிப்போடு சேர்த்து மென்பொருளில் போட்டால், ஒரு மணி நேரத்தில் எங்கெல்லாம் போய்ச் சேரலாம், அந்த இடங்களிலிருந்து அடுத்த மணி நேரத்தில் எங்கெல்லாம் போகலாம் என்று புள்ளி புள்ளியாய் வைத்துக்கொண்டே போகும். ஒரே நேரத்தில் எட்டக்கூடிய புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால், கடல் மேல் வாசல் அடைத்து ஒரு கோலம். கோலத்தின் எந்த இழை ஊருக்கு முதலில் போய்த் தொடுகிறதோ அதுதான் உங்கள் வழி. ரூட்டிங் என்றால் இவ்வளவுதான். பாக்கியெல்லாம் மன உளைச்சல்.

வேடிக்கை என்னவென்றால், நிஜப் பந்தயத்தில் உயிரைப் பணயம் வைத்துப் போகிறவர்களுக்குக் கரையிலிருந்து யாரும் வழி சொல்லக் கூடாது என்று விதி. படகில் தன்னந்தனியே, தூக்கமில்லாமல், அவர்களே கணித்துக்கொள்ள வேண்டும். காலடியில் மின்விசிறியும் கையில் காபியுமாக உட்கார்ந்திருக்கும் எனக்கோ இரண்டு மென்பொருள், ஒரு மைத்துனன், இஞ்சிச் சாறு.

மூன்றரை மணிக்கு வருகிறேன். விளையாட்டில் வீசும் காற்று, அமெரிக்க வானிலைத் துறையின் ஜிஎஃப்எஸ் என்ற கணிப்பிலிருந்து வருகிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை கணிப்பார்கள். நம் கடிகாரப்படி அதிகாலை ஐந்தரை, பகல் பதினொன்றரை, மாலை ஐந்தரை, இரவு பதினொன்றரை. கணித்து முடித்து வெளியே விட மூன்றரை மணி நேரமாவது ஆகும். ஆகவே என் வாழ்க்கை ஒன்பது, மூன்று, ஒன்பது, மூன்று என்றாகிவிட்டது. பகல் இரண்டையும் ஆபீஸில் ஃபைலுக்குள் மறைத்துவிடலாம். இரவு ஒன்பதுக்குச் சீரியல் கைகொடுக்கும். விடிகாலை மூன்றைத்தான் எங்கும் மறைக்க முடியவில்லை. மார்கழி வந்து காப்பாற்றியது.

கணிப்பிலும் நம் ஊர்ச் சங்கடம் உண்டு. அமெரிக்கக் கணிப்பு ஒன்று, ஐரோப்பியக் கணிப்பு ஒன்று. வாக்கியம், திருக்கணிதம் மாதிரி. சனிப்பெயர்ச்சிக்கே இரண்டு தேதி சொல்கிற தேசத்தில் பிறந்தவனுக்கு இது புதிதில்லை. ஆனால் இங்கே ஒரு வினோதம்: விளையாட்டில் அமெரிக்கக் கணிப்பு எதுவோ அதுவே காற்று. நிஜமான அட்லாண்டிக்கில் அந்த இடத்தில் இலை அசையாமல் இருந்தாலும் சரி, கணிப்பு முப்பது நாட் என்றால் என் பாயில் முப்பது நாட் காற்று வீசும். பஞ்சாங்கத்தில் மழை என்று போட்டிருந்தால் குடை பிடித்தே ஆக வேண்டிய உலகம் அது.

கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றையே வேலை வாங்கிப் பெருங்கடலில் கலம் செலுத்தினான் என்று புறநானூற்றில் வெண்ணிக் குயத்தியார் சொல்கிறார். அவன் எத்தனை மணிக்கு எழுந்தான் என்று சொல்லவில்லை.

செலவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இலவசமாக ஆடலாம், ஆனால் சில பாய்கள்தான் கிடைக்கும். இளங்காற்றுக்கு ஒன்று, கடுங்காற்றுக்கு ஒன்று என்று மற்ற பாய்கள் வேண்டுமானால் காசு. வாங்கினேன். வங்கிக் குறுஞ்செய்தி மனைவியின் போனுக்குப் போயிற்று. "என்ன வாங்கினீங்க?" "பாய்." "நல்லதாப் போச்சு, அத்தை படுக்கிற பத்தமடைப் பாய் ஓரமெல்லாம் பிரிஞ்சு கிடக்கு" என்றவள், விவரம் தெரிந்ததும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு நிதானமாகக் கேட்டாள்: "இல்லாத படகுக்கு, இல்லாத பாய். காசு மட்டும் இருக்கிற காசா?"

மைத்துனனுக்கும் எனக்கும் கொள்கை வேறுபாடு. அவன் மென்பொருள் போட்ட கோட்டிலிருந்து மயிரிழை விலக மாட்டான். "கோடு என்ன சொல்லுதோ அப்படியே போங்க அத்தான், மூளையை உபயோகிக்காதீங்க." ஆடிட்டர் சொல்கிற பேச்சா இது! என் வாதம் வேறு. எல்லோரிடமும் அதே கணிப்பு, அதே போலார், அதே மென்பொருள். ஆகவே திரையில் பார்த்தால் பல்லாயிரம் படகுகள் சர்க்கரை டப்பாவை மோப்பம் பிடித்த எறும்பு வரிசை மாதிரி ஒரே கோட்டில் போகும். அந்த வரிசையில் நின்றால் முன்னால் போகிறவனின் முதுகைத்தான் பார்க்கலாம். முந்த வேண்டுமானால் பிரிய வேண்டும். அடுத்த கணிப்பில் காற்று எந்தப் பக்கம் மாறும் என்று ஊகித்து, இப்போதே அந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும். தந்திரம் என்பது அதுதான்.

தந்திரத்தை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் செய்து பார்த்தேன். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் வாணிபக் காற்றுகள் அங்கே முட்டிக்கொண்டு மேலே எழும்பிவிடும். கடலில் மிஞ்சுவது புழுக்கமும் இடிமேகமும். பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கரும்பானை என்பார்கள். மேற்கே போகப் போகப் பானை பொதுவாகக் குறுகும் என்பதால் எல்லோரும் மேற்கே ஒதுங்கிக் கடக்கிறார்கள். கிழக்கே போனால் தூரம் குறைவு. நான் கிழக்கே போனேன். ஒன்றரை நாள் என் படகு, திருச்செந்தூர்த் தேர் திருப்பத்தில் நிற்பது போல நின்றது. தேரையாவது இழுக்க ஆள் இருக்கும். மைத்துனன் போன் செய்து, "என்ன அத்தான், மீன் ஏதாவது சிக்குதா?" என்றான்.

அதற்கப்புறம் செயின்ட் ஹெலினா. நெப்போலியனைச் சிறை வைத்த தீவு. அதன் பெயரால் தெற்கு அட்லாண்டிக்கின் நடுவில் ஓர் உயர் அழுத்தம் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும். உள்ளே காற்றே இருக்காது. பூமியின் தென்பாதியில் உயர் அழுத்தத்தைக் காற்று அப்பிரதட்சிணமாகச் சுற்றும், வடபாதியில் பிரதட்சிணம். ஆகவே ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியவன் முதலில் பிரேசில் பக்கம் போய், இடது கைப்பக்கம் அந்த அழுத்தத்தை வைத்துக்கொண்டு, காற்றோடு காற்றாகத் தெற்கே இறங்கி, அடியில் வளைந்து, கிழக்கே திரும்ப வேண்டும். மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்குத் தாம்பரம் வழியாகக் கூட்டிப்போகிற ஆட்டோக்காரரை நாம் என்னவெல்லாம் சொல்லியிருப்போம்? இங்கே அவர் சொல்வதுதான் சரி. இந்த முறை அடக்கத்தோடு கோட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். மளமளவென்று பல ஆயிரம் பேரைத் தாண்டினேன். நவம்பர் 29 ராத்திரி படுக்கும்போது, மனைவியிடம் கூட அன்பாகப் பேசியதாக ஞாபகம்.

மறுநாள் ஃபெஞ்சல் புயல்.

புதுச்சேரி, விழுப்புரம் பக்கம் ஜனங்கள் பட்ட பாட்டின் முன்னால் எங்கள் தெருவில் நடந்தது ஒன்றுமே இல்லை. ஒரு முருங்கை மரம் முறிந்தது, கரண்ட் போனது. அவ்வளவுதான். ஆனால் கரண்டோடு வைஃபை போனது, கொஞ்ச நேரத்தில் போனில் டவரும் போனது. வெளியே நிஜமான காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே நான் செத்துப்போன போனைப் பிடித்துக்கொண்டு, பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் காற்றை நினைத்துக் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தேன். "மொட்டை மாடித் தண்ணி டேங்க் மூடி பறந்துடுச்சுங்க" என்றாள் மனைவி. "எந்தத் திசையில?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

படகை ஓட்ட இரண்டு விதம் உண்டு. திசைகாட்டியைப் பார்த்து இன்ன திசை என்று பூட்டிவிடலாம். அல்லது காற்றுக்கு இன்ன கோணம் என்று பூட்டலாம். கோணத்தைப் பூட்டினால் வேகம் கெடாது. ஆனால் காற்று திரும்பினால் படகும் கூடவே திரும்பும், புது மாப்பிள்ளை மாதிரி. நான் கோணத்தைப் பூட்டியிருந்தேன். வடமேற்குக் காற்று. தென்கிழக்காகப் போய்க்கொண்டிருந்த படகு, டிரிஸ்டன் ட குன்யா தீவுக்கூட்டத்துக்குத் தெற்கே சாவகாசமாகக் கடந்துபோக வேண்டியது. நான் இருட்டில் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தபோது அங்கே காற்று தென்மேற்காகத் திரும்பியது. படகும் விசுவாசமாக வடகிழக்கே திரும்பியது.

டவர் திரும்பி வந்தபோது மணி பத்தரை. படகு தரை தட்டி நின்றது. பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் உள்ள ஒரு குட்டித் தீவு. அதன் அதிகாரப்பூர்வப் பெயரே 'அணுக முடியாத தீவு'.

மைத்துனன் ஐந்து நிமிஷம் சிரித்தான். அப்புறம் தான் ஆடிட்டர் என்பது ஞாபகம் வந்து, "அத்தான், பேரை மாத்தச் சொல்லி மனு போடலாம்" என்றான். தென்மேற்குக் காற்று தீவை நோக்கித் தள்ள, அதே காற்றை வைத்துக்கொண்டு அங்கிருந்து கழன்று வருவது, கல்யாணப் பந்தியில் நடுவில் எழுந்து வருவதைவிடக் கஷ்டம். முந்திய பல ஆயிரம் பேரும் கையசைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததில் சொல்ல அதிகமில்லை. இந்தியப் பெருங்கடல், பசிபிக், ஹார்ன் முனை. ஹார்ன் முனையைச் சுற்றிய கணத்தில் நான் பீர்க்கங்காய்த் தோல் சீவிக்கொண்டிருந்தேன்.

இடையில் ஒரு நாள், மாடியில் துணி காயப்போடலாமா என்று மனைவி கேட்டாள். நான் கணிப்பைத் திறந்தேன். மாலைவரை மழை இல்லை என்றது. அம்மா கொல்லைப் பக்கம் போய் நின்று முகத்தைக் காற்றில் காட்டிவிட்டு வந்தாள். அவள் பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம். வாடை, கொண்டல், கச்சான் எல்லாம் வாய்ப்பாடம். "வாடை விழுந்துட்டு, இனி மழை இல்ல" என்றாள். அமெரிக்காவும் திருச்செந்தூரும் ஒத்துப்போன அபூர்வமான நாள். பதினொரு மணிக்கு ஊற்றியது. எட்டு புடவை, நாலு வேட்டி, ஒரு ஜமுக்காளம். அம்மா கொஞ்சமும் கலங்கவில்லை. "நான் சொல்லும்போது வாடைதான். அப்புறம் மாறிட்டு" என்றாள். இதையே மைத்துனன், "அடுத்த அப்டேட்ல மாறிடுச்சு அத்தான்" என்பான்.

நிஜப் பந்தயத்தில் சார்லி தலான் 64 நாள் 19 மணி 22 நிமிடம் 49 விநாடியில், ஜனவரி 14 அன்று ஊர் சேர்ந்துவிட்டார். இங்கே அன்று பொங்கல். நான் அதற்குச் சில நாள் கழித்து, கேட்டால் வெட்கப்பட வேண்டிய ஓர் ஆறு இலக்க இடத்தில் போய்ச் சேர்ந்தேன். மைத்துனன் எனக்கு எண்பதாயிரம் படகுகளுக்கு முன்னால். கோட்டைவிட்டு ஒரு முறைகூட விலகவில்லை என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறான்.

தை பிறந்துவிட்டது, பந்தயமும் முடிந்துவிட்டது, இனி விடியும்வரை தூங்கலாம் என்று அலாரத்தை நிறுத்தினேன். மறுநாள் மூன்றரைக்கு யாரோ தோளைத் தொட்டார்கள். அம்மா. குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு. "எய்யா, நேரமாச்சுல்லா? நேத்து ராத்திரி அத்தை பேசினா. அவ பேத்தி ஜாதகத்தை உன் பூசையில வச்சு எடுக்கணுமாம், வாட்ஸ்அப்புல அனுப்பியிருக்கா."

இப்போது பந்தயம் எதுவும் இல்லை. மூன்றரைக்கு எழுந்து விளக்கேற்றிக்கொண்டிருக்கிறேன். ஜாதகம் நான்கு சேர்ந்திருக்கிறது.