கரடிக்குக் கீழை என்ன தேடுறாய்?

டேய் தம்பி, கொஞ்சம் பொறு. ஏலக்கடை மேசையில இனுவிட் சனம் செதுக்கின ஒரு கல்லுக் கரடி நிக்குது. நீ போனவுடன என்ன செய்யிறாய்? தலைகீழாப் பிரட்டி அடியைப் பாக்கிறாய். மாடு வாங்கப் போனவன் மாட்டை விட்டிட்டுக் குறிசுட்ட தழும்பைப் பாத்த மாதிரிக் கிடக்கு. கரடி எப்பிடி நிக்குது எண்டு ஒருக்காப் பாரன் மோனை.

‘விண்டேஜ்’ எண்டு நாக்கைச் சுழட்டிச் சொல்லுறாய். எத்தினை வயசாம் உந்த விண்டேஜுக்கு? 1948 இல ஜேம்ஸ் ஹூஸ்டன் எண்டவன் கியூபெக்கின்ரை வடக்கில, இனுக்ஜுவாக்குக்குப் படம் கீறப் போனான். அங்கை இனுவிட் சனம் செய்த சின்னக் கல்லுருவங்களைக் கண்டு சொக்கிப் போனான். அடுத்த வருசம் கார்த்திகையில மொன்ட்ரியல் கைவினைச் சங்கம் அதுகளை விக்க வைச்சுது. ஆயிரம் உருப்படி மட்டில, மூண்டு நாளில துடைச்செடுத்த மாதிரி முடிஞ்சுது. அது 1949. நான் அதுக்கு முந்திப் பிறந்தனான். என்னை ஏன் ஒருத்தரும் ஏலத்தில கேக்கினமில்லை?

அதுக்கு முந்தி அந்தச் சனம் மாக்கல்லைத் தொடேல்லையோ? தொட்டவை. சீல் நெய் எரிக்கிற குல்லிக் விளக்கு, இறைச்சி அவிக்கிற சட்டி எல்லாம் அதில குடைஞ்சதுதான். ஆனால் நாய் இழுக்கிற வண்டியில குடும்பத்தை ஏத்திக்கொண்டு இடம் இடமாப் போற சனம், உன்ரை வரவேற்பறைக்கு அளவான கரடியையும் காவித் திரியுமோ? பேந்து அவை விக்கிற நரித்தோலின்ரை விலை விழுந்திட்டுது. மாவுக்கும் தேயிலைக்கும் காசு வேணும். கல்லில காசு இருக்கெண்டு அரசாங்கமும் கண்டுது. 1951 இல ஹூஸ்டன் தெற்கில என்ன விலைப்படும் எண்டு படம் போட்டுச் சின்னப் புத்தகமே குடுத்தான். அதுக்குள்ள கிரிபேஜ் எண்ட சீட்டாட்டத்துக்குப் புள்ளி குறிக்கிற பலகையும் கிடந்தது! நீ இப்ப ‘வெளிக்காத்துப் படாத ஆதிக்கலை’ எண்டு கதைக்கிறாய். கதை, கதை. கேக்க வலு வடிவாக் கிடக்கு.

சரி, அடியில என்னதான் தேடுறாய்? நம்பர். ஈ7 எண்டால் கேப் டோர்செட் பக்கம், ஈ9 எண்டால் இனுக்ஜுவாக் பக்கம். அந்த நம்பர் எப்பிடி வந்தது தெரியுமோ? அந்தச் சனத்தின்ரை பேர் உத்தியோகத்தரின்ரை வாயில நுழையேல்லை. 1941 இல இருந்து ஆளுக்கொரு வட்டத் தகடு குடுத்து, நம்பரை வெட்டி, கழுத்தில போடச் சொன்னாங்கள். மனிசருக்கு! இப்ப கல்லில அதே நம்பர் இருந்தால் உனக்கு முகமெல்லாம் சிரிப்பு. ‘ஐயா, நம்பர் கிடக்கு, விலை கூடும்.’ பேந்து அசல் எண்டு காட்ட 1958 இல அரசாங்கம் கொண்டுவந்த இக்லூ அட்டையும் தொங்கவேணும். அட்டையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள்ள போட்டிட்டுக் கரடியைப் பேப்பர் பறக்காமல் வைக்கிற பாரமா வைக்கவும் நீ கூசமாட்டாய்.

பூவிர்நிடுக் எண்ட ஊரில ஜோ டாலிருனிலி எண்டு ஒரு இனுவிட் சிற்பி இருந்தவர். சின்ன வயசில அவரின்ரை சனம் பனிக்கட்டி உடைஞ்சு கடலுக்கை அகப்பட்டுப்போச்சு. வண்டிப் பலகையைக் கழட்டி, தோலைக் கட்டி, ஒரு படகு செய்து தப்பினவை. வயசு போன காலத்தில அந்தப் படகைத் திரும்பத் திரும்பக் கல்லில செதுக்கினார், ஆக்கள் நெருக்கியடிச்சு இருக்கிற மாதிரி. முரட்டு வேலைதான், வழுவழுப்பு ஒண்டும் இல்லை. உடைஞ்ச இடத்தை ஒட்டினால் ஒட்டினதும் தெரியும். பளபளப்புத் தேடுற நீ, ஆர் செய்தது எண்டு சொல்லாமல் வைச்சால் திரும்பியும் பாக்கமாட்டாய். மனிசன் 1976 இல செத்துப் போனார். 2006 இல அதில ஒரு படகு இரண்டே முக்கால் லட்சம் டொலருக்கு மேல போச்சு. இப்ப எல்லாரும் ‘ஆகா, என்ன முரட்டு அழகு’ எண்டினம்.

இன்னொரு புழுகு கேள். கோடரியாலையும் அரத்தாலையும் செய்தால்தான் அசலாம், மின்சார மெஷின் பிடிச்சால் தீட்டாம். குளிருக்கை, கல்லுத்தூசிக்கை வெளியில நிண்டு வேலை செய்யிறவன் மெஷின் பிடிச்சால் உனக்கென்ன? நீ ஏலத்துக்கு நாய்வண்டியிலையோ போறனீ?

போலிக்குப் பயமெண்டால் அதுக்கு வழி இருக்கு. பிசினுக்கை கல்லுமாவைக் கலந்து அச்சில வார்க்கிறாங்கள். ஒரே சாயலில பத்துக் கரடி வரிசையா நிண்டால் யோசி. கன்னத்தில வை, கல்லெண்டால் சில்லெண்டிருக்கும். ஊசியைச் சுடவைச்சு அடியில குத்தினால் பிசின் உருகும், கல்லு அசையாது. கடைக்காரனுக்கு முன்னால ஊசியை எடுத்துப் போடாதை, அடி வாங்குவாய்.

நியூ ஜெர்சி மச்சானின்ரை வீடு குடிபூரலுக்குக் கொண்டு போறதெண்டால் கல்லையே கொண்டு போ. வல்ரஸ் தந்தம், திமிங்கில எலும்பு எண்டால் கடல் விலங்குகளைக் காக்கிற 1972 ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தைக் காட்டி எல்லையில மறிப்பாங்கள். கல்லுக்குச் சட்டம் இல்லை, பாரம்தான். பெட்டியை நீதான் தூக்கவேணும், என்னைக் கூப்பிடாதை.