சம்பளமில்லா புக்கிங் கிளார்க்கின் விண்ணப்பம்

பெறுநர்: ஐஆர்சிடிசி நிர்வாகம், புது தில்லி
பொருள்: கன்வீனியன்ஸ் ஃபீயில் பங்கு கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் இணையதளத்தில் டிக்கெட் எடுக்கிறவர் பெயர், வயது, பெர்த் விருப்பம் எல்லாவற்றையும் தானே தட்டுகிறார். கோணல்மாணலான எழுத்துகளைப் படித்துத் தான் மனிதப் பிறவிதான் என்று நிரூபிக்கிறார். ஓடிபி வரும்வரை தவம் இருக்கிறார். டிக்கெட்டைக் காட்டும் செல்போனும் அவருடையதே. கவுன்ட்டரில் ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் இந்த வேலையைச் சும்மா செய்து கொடுத்ததற்கு, ஏசி இல்லாத வகுப்பென்றால் 15 ரூபாய், ஏசி என்றால் 30 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி என்று அவரிடமே வாங்கிக்கொள்கிறீர்கள். யுபிஐயில் கட்டினால் மனமிரங்கி 10, 20. கவுன்ட்டருக்கே வந்து ஊழியரின் நேரத்தை எடுத்துக்கொள்பவருக்கு மட்டும் இந்தத் தண்டம் கிடையாது.

கார்டில் வாங்கினால் வங்கிக்கு அழ வேண்டியிருக்கிறதே என்பது இந்த இடத்தில் வழக்கமாக வரும் பதில். கிரெடிட் கார்டுக்குச் சதவீதம் போட்டு ஃபீஸ் வாங்கும் பள்ளிக்கூடங்களாவது அதன் பின்னால் ஒதுங்கலாம்; வங்கி அவர்களிடம் பிடிப்பதும் சதவீதம்தான். (டெபிட் கார்டில் அவர்களுக்கும் அந்த நிழல் இல்லை. வணிகர் வங்கிக்குத் தரவேண்டிய கட்டணமான எம்டிஆரை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.) நீங்களோ 200 ரூபாய் டிக்கெட்டுக்கும் 800 ரூபாய் டிக்கெட்டுக்கும் அதே 15 ரூபாய் வாங்குகிறீர்கள், வங்கியின் கேட்வே கட்டணம் இருந்தால் அது தனி வரியில் வருகிறது. ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆர் பூஜ்யம். பூஜ்யத்தை உலகுக்குக் கொடுத்த நாட்டில், அதிலிருந்து 10 ரூபாய் எடுக்கத் தெரிந்த நிறுவனமும் இருப்பது பெருமைக்குரியது.

சர்வர் செலவை யார் தருவது என்பீர்கள். நியாயமான கேள்வி. டிக்கெட் பணம் ரயில்வேக்குப் போகிறது, தளத்தை நடத்தும் பாடு உங்களுக்கு. ஆனால் முன்பதிவு டிக்கெட்டுகளில் பத்துக்கு எட்டுக்கும் மேல் இணையத்தில் போகும்போது, கவுன்ட்டரும் ஆளும் தாளும் மிச்சமாவது ரயில்வேக்கு. அப்படியானால் பில்லை அனுப்ப வேண்டிய விலாசம் ரயில் பவன்தானே? நடந்தது தலைகீழ். 2021 அக்டோபர் 28 அன்று, கன்வீனியன்ஸ் ஃபீயில் பாதியைத் தனக்குத் தரும்படி ரயில்வே உங்களிடம் கேட்டது. மறுநாள் சந்தை திறந்ததும் உங்கள் பங்கு விலை கால்வாசிக்கு மேல் சரிந்தது. அன்றே அந்த உத்தரவு வாபஸ். செலவுக்காக மட்டும் வாங்கும் காசென்றால் அதில் பாதியைக் கேட்க ரயில்வேக்குத் தோன்றியிருக்காது, பாதி போகிறது என்றதும் முதலீட்டாளர்கள் பதறியிருக்கவும் மாட்டார்கள்.

இந்தக் கட்டணம் இல்லாமலும் ரயில் ஓடியிருக்கிறது. கார்டுக்கும் டிஜிட்டல் பணத்துக்கும் அரசுத் துறைகள் வாங்கும் கூடுதல் கட்டணங்களைக் கைவிடுவதென்று மத்திய அமைச்சரவை 2016 பிப்ரவரியில் முடிவெடுத்தது. நீங்கள் அதே ஆண்டு நவம்பரில், நோட்டு செல்லாமல் போன பிறகு, நிறுத்தினீர்கள். கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் அப்படியே ஓடியது. சும்மா ஓடவில்லை, நிதியமைச்சகம் கொஞ்சம் ஈடு கொடுத்தது என்பது சரிதான். இந்தச் செலவை அரசே ஏற்க வழி உண்டு என்பதற்கு அதைவிடச் சான்று எது? 2019 செப்டம்பர் 1 அன்று கட்டணம் திரும்பி வந்தது. அடுத்த மாதம் நீங்கள் பங்குச் சந்தைக்குள் நுழைந்தீர்கள். முகூர்த்தம் பார்த்துக் கொடுத்த ஜோசியர் கெட்டிக்காரர்.

விருப்பமில்லாதவர் கவுன்ட்டருக்குப் போகட்டும் என்பவர்கள், ஊரில் இருக்கும் ஒரே கவுன்ட்டரின் வேலை நேரத்தை ஒருமுறை விசாரிக்கட்டும். டிக்கெட்டை ரத்து செய்தாலும் இந்தக் கட்டணம் திரும்பி வராது என்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பயணம் இல்லையென்று ஆனாலும் அவர் தட்டச்சு செய்தது செய்ததுதானே.

ஆகவே ஐயா, ரயில்வே கேட்டுவிட்டுக் கைவிட்ட அந்தப் பாதியை டிக்கெட்டை அடித்தவரின் கணக்கிலேயே வரவு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏசி இல்லாத டிக்கெட்டுக்கு ஏழரை ரூபாய். ஜிஎஸ்டி வேண்டாம், அதற்கு வேறு ஆள் இருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் சம்பளமில்லா புக்கிங் கிளார்க்