கேட்ட அம்மா, எழுதித் தரும் அம்மா

எங்கள் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. சம்பளத்துக்குப் பெருவிரல்தான். பசறைக்கு மேலே, நமுனுகுல மலைச் சரிவில் கொழுந்து பறித்துவிட்டு அந்திக்கு லயத்துக்கு வருவார். ரொட்டிக்கு மாவு பிசையும்போதே குப்பி லாம்பை என் பக்கம் நகர்த்தி வைத்து, "இன்னைக்கு மாஸ்டர் என்னா சொல்லிக் குடுத்தாரு? எனக்கும் சொல்லு" என்பார். சொல்வேன். "அரையில பாதி எப்பிடிக் காலாவும்?" என்று விடாமல் கேட்பார். அவருக்கு விளங்கவைக்க ரொட்டியைப் பிய்த்துக் காட்டினேன். அப்போதுதான் பின்னக் கணக்கு எனக்கே விளங்கியது.

நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பெடுக்கத் தொடங்கியதோ 1970களில்தான். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத தலைமுறை எங்களுடையது.

இன்று அதே லயத்தில் சாதாரண தரம், உயர்தரம் படித்த பெற்றோர் இருக்கிறார்கள். கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2021இல், பக்கத்து லுணுகலையில் சிக்னலுக்காகக் காட்டு மரத்தில் கட்டிய பரணில் ஏறிப் பிள்ளைகள் படித்தார்கள். பெரியவர்கள் துணைக்குப் போனார்கள். அந்த அக்கறைக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன்.

அதே அக்கறைதான் இன்று பிள்ளையின் பென்சிலையும் பிடுங்கிக்கொள்கிறது. வாட்ஸ்அப்பில் செயலட்டை வந்ததும், பிள்ளை கேள்வியை வாசித்து முடிக்குமுன் அம்மா விடையைச் சொல்லிவிடுகிறார். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் கேட்கவே வேண்டாம். பயிற்சிப் புத்தகத்தில் பாதி அப்பாவின் எழுத்து. தம் பிள்ளையும் கொழுந்துக் கூடையைத் தூக்கிவிடக் கூடாதே என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஆனாலும் பரீட்சை மண்டபத்துக்குப் பிள்ளை தனியாகத்தானே போகவேண்டும்?

"பிழையா எழுதிட்டுப் போனா டீச்சர் ஏசுவாங்களே, சேர்" என்கிறார்கள் தாய்மார். நியாயம்தான். ஆகவே ஆசிரியர்களிடமும் கேட்கிறேன்: பிள்ளை தானே போட்ட தப்புக் கணக்குக்கு ஏசாதீர்கள். எந்தப் படியில் தடுக்கியது என்பது அந்தத் தப்பில்தான் தெரியும். அம்மா போட்ட சரியான விடையில் தெரியாது. தாய்மாரிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: பக்கத்தில் உட்காருங்கள், "எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். வரவில்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, "இது எனக்கு விளங்கவில்லை" என்று பிள்ளையையே எழுதச் சொல்லி அனுப்புங்கள்.